இன்டர்ன் ஆண்டோடு நிறுத்திக்கொண்ட மருத்துவர்: அமெரிக்காவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.டி. பட்டம் வாங்கியவர். வயது 28. டெக்ஸாஸ் மாநிலத்துப் போதனா மருத்துவமனை ஒன்றில், பொது அறுவை சிகிச்சைக்கான ஐந்தாண்டு ரெசிடென்சியில் (பட்டத்துக்குப் பிந்தைய நிபுணத்துவப் பயிற்சி) ஜூலை 1 அன்று இன்டர்னாகச் சேர்ந்தார். அங்கே இன்டர்ன் என்றால் பட்டம் முடித்து ரெசிடென்சியின் முதல் ஆண்டில் இருப்பவர். தலைமேல் 2 லட்சம் டாலருக்குச் சற்று மேல் கல்விக் கடன். கடன் வாங்கிப் படிக்கும் அமெரிக்க மருத்துவர்களுக்கு இது வழக்கமான தொகைதான். அடுத்த பிப்ரவரியில், அந்தப் பயிற்சிக்குப் பொறுப்பான புரோகிராம் டைரக்டரின் அறைக்குப் போய், விலகப் போவதாகச் சொன்னார்.

இவர் ஓர் உண்மையான தனி ஆள் அல்ல. இப்படி விலகுபவர்களுக்கு வழக்கமாக நேர்வதையெல்லாம் ஒருவர் மேல் ஏற்றிப் பார்த்திருக்கிறேன். விதிகளும் ஆண்டுகளும் எண்களும் நிஜமானவை. ஆள் மட்டும் கற்பனை.

ஏன் விலகினார் என்பதை நீட்டப் போவதில்லை. நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு 2003 முதல் எல்லா ரெசிடென்சிகளுக்கும் இருக்கிறது. அறுவை சிகிச்சைப் பயிற்சி அந்த வரம்பை உரசிக்கொண்டே ஓடும். பளு மட்டும்தான் பிரச்சினை என்றால் தாங்கியிருப்பார். ஆபரேஷன் தியேட்டருக்குள் நிற்கும் ஆசையே அவருக்கு வரவில்லை. வார்டில் நோயாளியோடு பேசக் கிடைக்கும் பத்து நிமிடம்தான் நாளின் நல்ல நேரமாகத் தெரிந்தது. சர்ஜனாகப் போகிறவருக்கு இது சரிப்பட்டு வராது.

டைரக்டர் கேட்ட இரண்டு கேள்விகள்

டைரக்டர் தடுத்துப் பேசவில்லை. உரிமத் தேர்வின் கடைசிப் படியைப் பற்றித்தான் முதலில் கேட்டார்: "ஸ்டெப் 3 எழுதியாச்சா?" இல்லை. "ஜூன் 30 வரை இருக்க முடியுமா?" அடுத்த வாரமே கிளம்பிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் இவர் வந்திருந்தார்.

வெளியே என்னென்ன வேலை கிடைக்கும் என்று தேடுவதில்தான் விலக நினைப்பவர்கள் பெரும்பாலும் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். என் பார்வையில் அதைவிட முக்கியம் எந்த நாளில், எந்தக் காகிதங்களோடு வெளியே வருகிறோம் என்பது. அமெரிக்காவில் மருத்துவ உரிமம் தருவது மத்திய அரசு இல்லை, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தருகிறது. ரெசிடென்சியில் இருக்கும்போது கையில் இருப்பது பயிற்சி அனுமதி மட்டும். அந்த மருத்துவமனையை விட்டு வந்தால் அதோடு அதுவும் போச்சு. முழு உரிமத்துக்குப் பட்டமும் யு.எஸ்.எம்.எல்.இ. என்ற உரிமத் தேர்வின் மூன்று படிகளும் போதாது. அங்கீகாரம் பெற்ற பயிற்சிக் காலமும் தேவை. அமெரிக்கக் கல்லூரியில் படித்தவருக்கு டெக்ஸாஸ், புளோரிடா, நியூயார்க் ஆகிய மாநிலங்களில் ஓராண்டுப் பயிற்சி போதும். இல்லினாயில் இரண்டு ஆண்டு. நெவாடாவில் மூன்று.

ஆக, பிப்ரவரியில் விலகியிருந்தால் இவர் ஏழரை மாதப் பயிற்சி பெற்ற மருத்துவராக வெளியே வந்திருக்க மாட்டார். உரிமக் கணக்கில் ஏழரை மாதமும் பூஜ்யமும் ஒன்றுதான். மிச்சமிருந்த நாலரை மாதத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியதால், பட்டம் மட்டும் வைத்திருப்பவர் என்ற நிலையிலிருந்து சட்டப்படி மருத்துவம் பார்க்கக்கூடியவர் என்ற நிலைக்கு வந்தார். பன்னிரண்டாவது மாதம் முடிவதற்குள் போவதற்கு, உடல்நலமோ மனநலமோ நிஜமாகவே கைவிட்டுப் போவதைத் தவிர வேறு நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்படிக் கைவிட்டுப் போகிறது என்றாலும் ராஜினாமாவுக்கு முன்னால் விடுப்பு என்று ஒன்று இருக்கிறது. குடும்ப, மருத்துவ விடுப்புக்கான மத்தியச் சட்டம் 12 வார விடுப்பு தருகிறது; ஆனால் ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை பார்த்தவருக்குத்தான் அது பொருந்தும். இன்டர்னுக்கு உதவாது. இதைக் கேட்டதும் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். ரெசிடென்சிகளை அங்கீகரிக்கும் ஏ.சி.ஜி.எம்.இ. அமைப்பின் விதி வேறு: 2022 ஜூலை முதல், பயிற்சிக் காலத்தில் ஒரு முறையாவது ஆறு வாரம் முழுச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு தந்தாக வேண்டும், சேர்ந்த முதல் நாளிலிருந்தே. ஒரு எச்சரிக்கை: 12 மாதப் பயிற்சி கேட்கும் மாநிலத்தில் இந்த ஆறு வாரம் கணக்கில் இடிக்கலாம். ஜூன் 30-க்குப் பதில் ஆகஸ்டு நடுவில் முடிக்க வேண்டி வரும். அதற்கு டைரக்டரின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஸ்டெப் 3-ஐ ஏப்ரலில் எழுதினார். இரண்டு நாள் தேர்வு. இரண்டாம் நாளில் கணினித் திரையில் 13 நோயாளிகள் வருவார்கள். என்ன பரிசோதனை, என்ன மருந்து, எப்போது வீட்டுக்கு அனுப்புவது என்று ஒவ்வொரு கட்டளையாகத் தட்டச்சு செய்ய வேண்டும். ரெசிடென்சியில் இருக்கும்போது இதை எழுதுவது கொஞ்சம் எளிது, ஏனென்றால் அந்த முடிவுகளைத்தான் தினமும் வார்டில் எடுக்கிறார்கள். விலகி ஒரு வருடம் கழித்து எழுதுவது வேறு கதை.

மூன்றாவது காகிதம் டைரக்டர் எழுதித் தரும் இறுதி மதிப்பீடு. உரிம விண்ணப்பத்தில் ஒரு பக்கம் முழுக்க இப்படிக் கேட்பார்கள்: பயிற்சியை முடிக்காமல் விலகியதுண்டா, விடுப்பு எடுத்ததுண்டா, கண்காணிப்பில் வைக்கப்பட்டதுண்டா. அதே கேள்விகள் மருத்துவமனைக்கும் தனியாகப் போகும். இரண்டு பதிலும் ஒத்துப்போகவில்லை என்றால் விண்ணப்பம் மாதக்கணக்கில் தூங்கும். "முதல் ஆண்டைத் திருப்திகரமாக முடித்தார், தம் விருப்பத்தின் பேரில் விலகினார்" என்ற வாசகத்தை, டைரக்டரோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே இவர் வாங்கி வைத்துக்கொண்டார். டைரக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஐந்து வருடம் கழித்துப் போய் நின்றால் அந்த நாற்காலியில் இவரைப் பார்த்தே இராத ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

யோசித்துப் பார்க்காமல் விட்ட வழி

அறுவை சிகிச்சை பிடிக்கவில்லை என்றால் வேறு துறைக்கு மாறியிருக்கலாமே? பிப்ரவரியில் இவருக்கு அந்தக் கேள்வியே எரிச்சலாக இருந்தது. மருத்துவமனை என்றாலே கசந்துபோன நேரம் அது. ஆனால் கணக்கு இவருக்குச் சாதகமாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ரெசிடென்டுகளின் பயிற்சிச் செலவில் பெரும்பங்கை, முதியோருக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஏற்கிறது. ஒருவர் முதலில் எந்தத் துறையில் சேர்ந்தாரோ, அதற்கான குறைந்தபட்சக் காலம் வரைக்கும்தான் முழுத் தொகை. உச்சம் ஐந்து ஆண்டு. அதைத் தாண்டினால் நேரடிச் செலவுக்கான தொகை பாதியாகும். குடும்ப மருத்துவத்தில் சேர்ந்தவருக்கு மூன்று ஆண்டு. அவர் ஓராண்டைக் கழித்துவிட்டு நீண்ட பயிற்சியுள்ள துறைக்குப் போனால், கடைசி ஆண்டுகளில் மருத்துவமனைக்குப் பணம் குறையும். பொது அறுவை சிகிச்சையில் தொடங்கியவருக்கோ ஐந்து ஆண்டு. ஒன்றைக் கழித்தாலும் நான்கு மிச்சம். இன்டர்னல் மெடிசின் (பெரியவர்களுக்கான பொது மருத்துவம்) மூன்றே ஆண்டு, முதலிலிருந்து தொடங்கினாலும் முழுத் தொகை வரும். அறுவை சிகிச்சையை விட்டு வருபவரைச் சேர்த்துக்கொள்ள மருத்துவமனைகளுக்குப் பணத் தடை ஏதும் இல்லை என்பதை இன்டர்ன்களிடம் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

மயக்கவியல், ரேடியாலஜி, நரம்பியல் போன்ற துறைகளில் இரண்டாம் ஆண்டிலிருந்தே தொடங்கும் இடங்களும் உண்டு. ஏற்கெனவே பயிற்சியில் இருந்த மருத்துவர்களுக்கென்றே ஒதுக்கி, அதே ஆண்டு ஜூலையில் சேர்க்கும் இடங்கள், ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் தேசிய முறையான மேட்ச்சின் பட்டியலில் தனி வகையாக வருகின்றன. இவர் அந்தப் பக்கமே போகவில்லை.

வெளியே

கோடையில் டெக்ஸாஸ் உரிமம் வந்தது. சட்டத்தைக் கேட்டால், இந்த உரிமத்தோடு எந்த மருத்துவமும் பார்க்கலாம். துறைவாரியாக உரிமம் கிடையாது. நடைமுறை அப்படி இல்லை. மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்க அனுமதி வேண்டும், இன்சூரன்ஸ் நிறுவனங்களின் பட்டியலில் பெயர் வேண்டும். இரண்டு இடத்திலும் முதல் கேள்வியே எந்தத் துறையில் போர்டு சான்று, அதாவது நிபுணர் சான்று, என்பது. ரெசிடென்சி முடிக்காமல் அந்தச் சான்றுக்கான தேர்வை எழுதவே விடமாட்டார்கள்.

முன்பதிவில்லாமல் போய் அவசரச் சிறு சிகிச்சை பெறும் அர்ஜென்ட் கேர் கிளினிக்குகளின் சங்கிலி நிறுவனம் ஒன்று இந்தக் காரணத்துக்காகவே கை விரித்தது. இன்சூரன்ஸ் கோரிக்கைகளை வீட்டிலிருந்தே பரிசீலிக்கும் வேலையைப் பற்றி இணையத்தில் எல்லாரும் ஆசையாக எழுதுகிறார்கள். அந்த விளம்பரங்களைத் திறந்து படித்தால் போர்டு சான்றும் சில ஆண்டு அனுபவமும் கேட்டிருக்கும். தொலைமருத்துவத்துக்கு நோயாளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் தேவை. பல மாநில உரிமங்களைச் சட்டென்று வாங்கித் தரும் மாநிலங்களுக்கிடையிலான உடன்படிக்கை ரெசிடென்சி முடித்துச் சான்று பெற்றவர்களுக்கு மட்டும்தான். ஒற்றை மாநில உரிமத்தோடு இருப்பவரை அந்த நிறுவனங்கள் அவ்வளவாகச் சீண்டுவதில்லை.

மருந்து நிறுவனப் பக்கமும் பார்த்தார். நிறுவனத்தின் மருந்துகளைப் பற்றி மருத்துவர்களோடு அறிவியல் ரீதியில் பேசும் மெடிக்கல் சயின்ஸ் லயசன் வேலைக்கு மருந்தியல் முனைவர்களும் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் நடுவே ஓராண்டு சர்ஜரி இன்டர்ன் என்பது பெரிய எடை இல்லை. மருந்துப் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் பிரிவில் நுழைவது சற்று எளிது. வந்த அறிக்கையைப் படித்து, நோயாளிக்கு நேர்ந்தது மருந்தால்தானா என்று எடைபோடும் வேலை. மருத்துவம் தெரிந்தவர் தேவைப்படுகிறார், நிபுணர்தான் வேண்டும் என்று எப்போதும் கேட்பதில்லை. மருத்துவ எழுத்துத் துறையும் இதே ரகம். எழுதிக் காட்டிய மாதிரிகளைத்தான் பார்ப்பார்கள். 1940 முதல் இருக்கும் அமெரிக்க மருத்துவ எழுத்தாளர் சங்கம் இதற்கென்று பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. இரண்டுக்கும் உரிமம் தேவையில்லை. ஆகவே ஜூன் 30 வரை இருந்ததன் பலன் இந்த வழிகளில் குறைவு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பலன் முழுசாகத் தெரியும் இடம் மத்திய அரசு வேலை. மெடிக்கல் ஆபீசர் பதவிக்கான அரசின் தகுதி விதியில், பட்டத்துக்குப் பிறகு குறைந்தது ஓராண்டு நேரடி நோயாளிப் பணி, அதாவது இன்டர்ன்ஷிப் அல்லது ரெசிடென்சியின் முதல் ஆண்டு என்றே எழுதியிருக்கிறது. உயர்ந்த நிலைகளுக்கு மேலும் பயிற்சி கேட்பார்கள். 2025-இல் மத்திய சுகாதாரத் துறையில் நடந்த ஆட்குறைப்பைப் பார்த்த பிறகு, இதை உறுதியான இடம் என்று யாருக்கும் சொல்லத் துணிய மாட்டேன். கடற்படையில் இன்டர்ன் ஆண்டு முடித்தவர்களை ஜெனரல் மெடிக்கல் ஆபீசராகவோ ஃபிளைட் சர்ஜனாகவோ (விமானிகளுக்கான மருத்துவர்) அனுப்பும் வழக்கம் வெகுகாலமாக உண்டு. சீருடை போடத் தயாராக இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. இவர் தயாராக இல்லை.

கடைசியில் இவருக்கு வேலை கொடுத்தது, தொழிலாளர்களுக்கான தனியார் கிளினிக் ஒன்று. வேலையிடக் காயங்கள், வேலையில் சேர்வதற்கு முன் செய்யும் பரிசோதனை, அப்புறம் டிரக் ஓட்டுநர்களின் உடல்தகுதிப் பரிசோதனை. இந்தக் கடைசி வேலை ஒரு தனி உலகம். மாநிலம் விட்டு மாநிலம் பெரிய டிரக் ஓட்டுபவர் அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவச் சான்று வாங்கியாக வேண்டும். 2014 மே 21 முதல், மத்தியப் பதிவேட்டில் இருக்கும் பரிசோதகர்தான் அதைத் தர முடியும். அதற்குத் தனிப் பயிற்சி, தனித் தேர்வு. ஒவ்வொரு கண்ணிலும் 20/40 பார்வை, ஐந்தடி தூரத்திலிருந்து கிசுகிசுத்தால் காதில் விழ வேண்டும், சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் பார்ப்பார்கள்.

ரத்த அழுத்தத்தில்தான் சிக்கல். வழிகாட்டுதலின்படி 140/90-க்குக் கீழே இருந்தால் இரண்டு ஆண்டுச் சான்று. 159/99 வரை ஓராண்டு. 160/100-ஐத் தொட்டால் ஒரே ஒரு முறை மூன்று மாதம். 180/110-க்குப் போனால் சான்றே இல்லை. மதிய வேளையில் ஒருவர் வருகிறார், 164/102. இரவு முழுக்க ஓட்டியிருக்கிறார், இரண்டு பெரிய கோப்பைக் காப்பி உள்ளே போயிருக்கிறது, நாளைக்கு லோடு ஏற்ற வேண்டும். "போன தடவை ரெண்டு வருஷம் குடுத்தாங்களே" என்று முகம் சிவக்கிறார். சற்று உட்கார வைத்து மறுபடி பார்த்தால் 160/98. மேல் எண் இன்னும் அதே படியில்தான் நிற்கிறது. மூன்று மாதச் சான்றை எழுதிக் கொடுத்துவிட்டு, இந்த மூன்று மாதத்துக்குள் மாத்திரை ஆரம்பித்து அழுத்தத்தை 140/90-க்குக் கொண்டுவந்தால் ஓராண்டுச் சான்று கிடைக்கும், இல்லையென்றால் வண்டியை நிறுத்த வேண்டி வரும் என்று விளக்குகிறார். வார்டில் பிடித்திருந்த அதே பத்து நிமிடம். அந்த மனிதர் பல ஆண்டுகளாக வேறு எந்த மருத்துவரையும் பார்த்ததில்லை.

இதில் இன்டர்ன் ஆண்டுக்கென்று தனி மரியாதை இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பதிவேட்டில் மேற்பயிற்சி பெற்ற செவிலியர்களான நர்ஸ் பிராக்டிஷனர்களும், பல மாநிலங்களில் முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டர்களும் இருக்கிறார்கள். சம்பளம் இன்டர்ன் உதவித்தொகையைவிட நன்றாகவே இருந்தது. நிபுணர் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் இவர் வக்கீலிடம் காட்டிக் கேட்டது புத்திசாலித்தனம்: தவறு நேர்ந்தால் காப்பாற்றும் இன்சூரன்ஸ், வேலையை விட்ட பிறகு தொடுக்கப்படும் வழக்கையும் தாங்குமா, அந்த நீட்டிப்புக்கு யார் பணம் கட்டுவது? போதனா மருத்துவமனையில் இருந்தவரை இந்தக் கேள்வியே எழுந்ததில்லை.

கூட இருந்த இன்னொருவர்

இதே நேர்வில் ஒரே ஒரு விவரத்தை மாற்றிப் பார்க்கலாம். அதே வார்டில், அதே ஜூலையில் சேர்ந்த இன்னொரு இன்டர்ன். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர், பயிற்சிக்காக வருபவர்களுக்கான ஜே-1 விசாவில் இருப்பவர். அவரும் ஸ்டெப் 3 தேறி, ஜூன் 30 வரை இருந்து, அதே நல்ல கடிதத்தோடு விலகினால்?

உரிமம் கிடைக்காது. டெக்ஸாஸும் புளோரிடாவும் வெளிநாட்டுப் பட்டதாரிகளிடம் இரண்டு ஆண்டுப் பயிற்சி கேட்கின்றன, நியூயார்க் மூன்று. விசா அந்தப் பயிற்சியோடு கட்டப்பட்டது. பயிற்சி போனால் நாட்டில் தங்கும் உரிமையும் போகும். ஜே-1-இல் பயிற்சி பெற்ற மருத்துவர் சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு ஆண்டு இருந்த பிறகே வேலைக்கான எச்-1பி விசாவோ நிரந்தரக் குடியுரிமைக்கான கிரீன் கார்டோ பெறலாம் என்ற நிபந்தனை, பாதியில் விட்டாலும் விடாது. மருத்துவர் குறைவாக உள்ள பகுதியில் மூன்று ஆண்டு வேலை பார்த்து அதிலிருந்து விலக்குப் பெறும் கான்ராட் 30 திட்டம் 1994 முதல் இருக்கிறது. அதற்கு அங்கே வேலை பார்க்க உரிமம் வேண்டும், திரும்பவும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறோம்.

எச்-1பி-இல் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். லாப நோக்கமற்ற போதனா மருத்துவமனைகள் விசா எண்ணிக்கை வரம்புக்குள் வருவதில்லை. மருந்து நிறுவனம் வரும். அதனால் மருந்து நிறுவனத்தில் வேலை கிடைத்தாலும் குலுக்கலில் பெயர் விழுந்தாக வேண்டும். ரெசிடென்சி முடிக்காதவர்களை ஒரு மருத்துவரின் மேற்பார்வையில் வேலை பார்க்க விடும் அசிஸ்டன்ட் பிசிஷியன் சட்டத்தை மிசோரி மாநிலம் 2014-இல் கொண்டுவந்தது. அதுவும் உரிமப் பிரச்சினையைத்தான் தொடும், விசாவைத் தொடாது. ஆகவே இவர் விலகுவதைவிடத் துறை மாறுவதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும், அதுவும் சீக்கிரம்: ஜே-1 மருத்துவர் ஒரே ஒரு முறை துறை மாறலாம், நாட்டுக்குள் வந்து இரண்டு ஆண்டுக்குள். இன்டர்ன் ஆண்டு முடியும்போது அதில் பாதி ஓடிப்போயிருக்கும்.

ஒரே வார்டு, ஒரே கடிதம். முதலாமவருக்குத் திறந்த கதவுகளைப் பற்றிய அறிவுரையை இரண்டாமவரிடம் சொல்வது ஆபத்து. வேலை மாற்றம் பற்றிய அமெரிக்கக் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைச் சொல்லாமலே கடந்துபோகின்றன.

இரண்டு ஆண்டு கழித்து

நம் மருத்துவர் கிளினிக்கில் இரண்டு ஆண்டு இருந்தார். பல மாநில வாரியங்கள் இரண்டு ஆண்டு நோயாளிகளைப் பார்க்காமல் இருந்தவர்களை மறுபடி சோதிக்கின்றன. மருந்து நிறுவனத்துக்கோ எழுத்துக்கோ போயிருந்தால் இந்தக் கடிகாரம் ஓடியிருக்கும். டிரக் ஓட்டுநர்களின் ரத்த அழுத்தம் அதை நிறுத்தி வைத்தது.

அங்கேதான் தொழில்சார் மருத்துவம் என்றொரு ரெசிடென்சி இருப்பது அவர் கவனத்துக்கு வந்தது. தடுப்பு மருத்துவத்தின் கீழ் வரும் பிரிவு. ஒரு மருத்துவப் பயிற்சி ஆண்டு முடித்தவரை எடுத்துக்கொண்டு, இரண்டு ஆண்டில் பொதுச் சுகாதார முதுகலைப் பட்டத்தையும் சேர்த்துத் தந்து போர்டு தேர்வுக்கு அனுப்புகிறது. அறுவை சிகிச்சையில் கழித்த அந்த ஓராண்டு அப்படியே கணக்கில் சேர்ந்தது. விலகிப் போகிறவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்பும் கதவு இது. மாணவர்கள் பலரின் கண்ணில் படாத துறை. இரவுப் பணி மிகக் குறைவு.

சம்பளம் மறுபடி ரெசிடென்ட் உதவித்தொகைக்கு இறங்கியது. கடன் விஷயத்தில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. அரசு அல்லது லாப நோக்கமற்ற இடத்தில் வேலை பார்த்து 120 தவணை கட்டினால் மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் மத்தியத் திட்டத்தில் தவணைகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. பட்டம் வாங்கியபின் கிடைத்த ஆறு மாதச் சலுகைக் காலத்தைக் கழித்தால் இன்டர்ன் ஆண்டில் கணக்கில் ஏறியது ஏழெட்டுத் தவணை. தனியார் கிளினிக்கில் இருந்த இரண்டு ஆண்டில் ஒன்றுகூட இல்லை. புதிய ரெசிடென்சி ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஆகவே விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கை மறுபடி தொடங்கியிருக்கிறது.